சம்பளம் இல்லை என்பது சாக்கு ஆகாது

கார்த்திகை பிறந்துவிட்டால் மதுரை–தென்காசி சாலையோரம் அன்னதானப் பந்தல்கள் முளைத்துவிடும். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் ராஜபாளையத்தைத் தாண்டினால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று எங்கள் ஊர்களைக் கடந்துதான் ஆக வேண்டும். பந்தல் போடுவது ஒரு டிரஸ்டாக இருக்கலாம், நற்பணி மன்றமாக இருக்கலாம், ஒரு குருசாமியும் அவரோடு மாலை போட்டவர்களுமாக இருக்கலாம். காய் நறுக்குவது முதல் இலை எடுப்பதுவரை வேலை செய்பவர்கள் எல்லாரும் காசு வாங்காத பிள்ளைகள்.

இவர்களை நடத்துகிற பெரியவர்களிடமும், கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், இலவச டியூஷன் நடத்துகிற அமைப்புகளிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்கள் தொண்டர் ஒருவரால் யாருக்காவது கை கால் போனால் யார் பொறுப்பு? பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "அவன் என்ன எங்ககிட்டச் சம்பளமா வாங்குதான்? இஷ்டப்பட்டு வந்து செய்தான். அதுக்கு டிரஸ்ட் எப்படிப் பொறுப்பாகும்? புண்ணியத்துக்குச் செய்யுற வேலைக்குக் கேஸ் போட்டா நாளைக்கு எவன் முன்னால வருவான்?"

ஏதோ ஒரு ஊர்ச் செயலாளரின் கருத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. வக்கீல்கள் சிலரே இப்படிப் பேசுகிறார்கள். அடிபட்டவரின் வீட்டார்கூட "தர்ம காரியத்துல நடந்தது, விட்டுருவோம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கருத்து சட்டப்படி தவறு. நியாயப்படியும் தவறு. எந்தத் தொண்டரைக் காப்பதாகச் சொல்கிறதோ, அந்தத் தொண்டரையே நட்டாற்றில் விடுகிறது என்பது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் சம்பள வாதம். முதலாளி–தொழிலாளி என்ற உறவு இருந்தால்தான் ஒருவர் செய்த பிழைக்கு மற்றவர் பொறுப்பேற்க வேண்டும், சம்பளம் இல்லாத இடத்தில் அந்த உறவே இல்லை என்பது இவர்கள் கணக்கு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினாலே இந்தக் கணக்கு உடைந்துவிடும். இன்னொருவருக்காக ஒரு காரியத்தைச் செய்ய அமர்த்தப்படுபவர் முகவர் என்கிறது அதன் 182-ஆம் பிரிவு. முகவரை அமர்த்தக் கூலியோ கைம்மாறோ தேவையே இல்லை என்கிறது 185-ஆம் பிரிவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் காசை அளவுகோலாக வைக்க மறுத்துவிட்டது. யாருக்காகச் செய்தார், யார் சொல்லிச் செய்தார், யாருடைய வேலை நடந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறது.

அது பழைய சட்டம், வியாபாரத்துக்கு எழுதியது என்று சொல்பவர்களுக்காகப் புதிய சட்டங்களையும் சொல்கிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம் ஊழியர் யார் என்று வரையறுக்கும்போது, ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், தன்னார்வத்தால் வேலை செய்தாலும் அவர் ஊழியர்தான் என்று எழுதிவைத்திருக்கிறது. பணியிடம் என்பதில் டிரஸ்ட், சங்கம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, உணவுத் தொழில் என்பதற்குச் சொல்லும் பொருளில் லாபத்துக்காக நடத்தினாலும் இல்லாவிட்டாலும் என்ற சொற்கள் இருக்கின்றன. அண்டாவில் வேகிற சாம்பாரை விற்கிறோமா, தானமாக ஊற்றுகிறோமா என்ற வேறுபாட்டை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. சாப்பிடுகிறவரின் வயிறும் பார்ப்பதில்லை.

அடுத்து வருவது நல்லெண்ண வாதம். "சட்டமே உதவி செய்றவங்களைக் காப்பாத்துதே, சாலை விபத்துல தூக்கிட்டுப் போறவங்க மேல கேஸ் கிடையாதே" என்பார்கள். உண்மைதான். சேவ் லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்புக்கு உயிர் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாக அது வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பிரிவு யாரைக் காக்கிறது? ரத்தம் வழியக் கிடப்பவரைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் வண்டியை நிறுத்தி, பதற்றத்தோடு தூக்கிச் செல்கிற வழிப்போக்கரை. அவருக்கு முன்னேற்பாடு செய்ய நேரமில்லை, பயிற்சி இல்லை, பின்னால் அமைப்பும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பே தேதி குறித்து, நோட்டீஸ் அடித்து, வசூல் செய்து, ஆள் சேர்த்து நடத்துகிற முகாமுக்கு அந்தச் சலுகையைக் கேட்பது முறையா? நல்லெண்ணம் என்ற சொல்லையும் இவர்கள் மிகச் சுலபமாகப் பயன்படுத்துகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 2-ஆம் பிரிவுப்படி, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டமும் இதையேதான் சொன்னது.

இந்த வாதங்களுக்கு அடியில் கிடக்கிற ஒரு மனநிலைதான் என்னை அதிகம் வருத்துகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சும்மா கிடைத்ததை வாங்கிக்கொண்டவருக்குக் குறை சொல்ல என்ன உரிமை என்பதுதான் அதன் உள்ளே இருக்கிற பேச்சு.

உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரத்தில் 1986 ஏப்ரலில் நடந்ததை இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே லயன்ஸ் சங்கம் ஒரு கண் அறுவை முகாம் நடத்தியது. 108 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் 88 பேருக்குக் கண்புரை. அந்த 88 பேரில் 84 பேருக்கு, அறுவை செய்த கண் நிரந்தரமாகப் போய்விட்டது. அறுவையின்போது பயன்படுத்திய சலைன் நீரில் கிருமி இருந்ததுதான் காரணம் என்று பின்னால் விசாரித்தவர்கள் கண்டார்கள். ஏ.எஸ். மிட்டல் என்பவர் தொடுத்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1989-இல் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே இடைக்காலமாகக் கிடைத்த 5,000 ரூபாயோடு மேற்கொண்டு 12,500 ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதைத் தரச் சொன்னது மாநில அரசை.

ஒரு கண்ணுக்கு 17,500 ரூபாய். அதுவும் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து. இலவச முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பணம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதவர்கள். ஒரு கண் போனபின் வயலுக்கோ கூலிக்கோ போக முடியாதவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான். வசதியுள்ளவருக்கு இப்படி நடந்திருந்தால் வக்கீல் வைத்திருப்பார், டாக்டரைக் கூண்டில் ஏற்றியிருப்பார். இலவசமாக வந்தவருக்கு அந்த உரிமை கிடையாது என்று சொல்வது, ஏழையின் கண்ணுக்கு விலை குறைவு என்று சொல்வதாகத்தான் முடியும். நம் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. 2008-இல் விழுப்புரம் மாவட்டத்து முகாமில் தேர்வாகிக் கண் அறுவை செய்துகொண்ட 66 பேர் பார்வையை இழந்தார்கள்.

இந்த விஷயத்தில் சட்டத்தின் மீதே எனக்கு ஒரு குறை உண்டு. இலவசமாகத் தரும் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கதவைத் திறந்தது. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரியில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்றது. ஆனால் எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாக நடத்தும் இடத்தில் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். ஆக, தொண்டு நிறுவனங்களை நாடு முழுக்கக் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள் என்ற புலம்பலுக்கு அடிப்படை கிடையாது. இலவசமாகப் பெற்றவருக்குத்தான் நீதிக்குப் போகும் வழி மிகக் குறுகலாக இருக்கிறது.

"ஏழைக்காகக் கொடுத்த பணம் நஷ்ட ஈட்டுக்குப் போகலாமா?" இது கொஞ்சம் கனமான கேள்வி. நன்கொடை கொடுத்தவர் சோறு போடக் கொடுத்தார், வழக்கு நடத்தக் கொடுக்கவில்லை என்பது நேர்மையான கவலைதான். உலகம் இதை ஒரு நூற்றாண்டு விவாதித்து முடித்துவிட்டது. இங்கிலாந்தில் 1846-இல் எழுந்து 1866-லேயே ஆட்டம் கண்டுவிட்ட ஒரு கருத்தை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1876-இல் எடுத்துக்கொண்டது. தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் ஒருவரின் தொடை எலும்பைப் பயிற்சி மாணவர் சரியாகக் கட்டவில்லை. நிறுவனத்தின் பணம் தர்மப் பணம், அதைத் தொட முடியாது என்று நோயாளியின் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 1942-இல் ஜார்ஜ்டவுன் கல்லூரி ஆஸ்பத்திரி வழக்கு வந்தது. மாணவ நர்ஸ் ஒருவர் வேகமாகத் தள்ளிய கதவு, எதிரே வந்த வேறொரு நர்ஸின் மேல் மோதிக் காயப்படுத்திய சின்ன விபத்து அது. நீதிபதி ரட்லெஜ் அந்தச் சின்ன வழக்கை வைத்துப் பெரிய கேள்வியைக் கேட்டார். பொறுப்பு சுமத்தப்பட்ட இடங்களில் தர்ம நிறுவனங்கள் மூடிப்போனதற்கு ஆதாரம் எங்கே? யாராலும் காட்ட முடியவில்லை. அதன்பின் மாநிலம் மாநிலமாக அந்த விலக்கு சரிந்தது. ஆஸ்பத்திரிகள் இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு தொடர்ந்து நடந்தன. கனடா உச்ச நீதிமன்றத்தின் முன் 1999-இல் குழந்தைகள் இல்லம் நடத்திய ஓர் அமைப்பு, எங்களுக்கு லாப நோக்கம் இல்லை, எங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நஷ்ட ஈடு கொடுப்பதும் தர்மப் பணத்தின் செலவுதான் என்பது என் கருத்து. ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட இடத்தில் ஒருவர் கொதிக்கும் சாம்பாரில் வெந்துபோனால், அந்த ஒருவரைக் கைவிட்டுவிட்டு மற்ற 999 பேருக்குப் போட்ட சோற்றைப் புண்ணியம் என்று எழுதிக்கொள்ள எந்த நன்கொடையாளர் விரும்புவார்?

இனி அந்தத் தொண்டருக்கு வருகிறேன். டிரஸ்டுக்குப் பொறுப்பில்லை என்று சொன்னால் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. பொறுப்பு நேராகப் போய் அந்தப் பிள்ளையின் தலையில் உட்கார்ந்துகொள்ளும்.

பந்தலில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விடிகாலை மூன்று மணி. பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருவன் ஒளிரும் குச்சியை ஆட்டிக்கொண்டு ரோட்டின் நடுவெள்ளைக் கோடுவரை வந்து நிற்கிறான். "சாமி, சாப்ட்டுட்டுப் போங்க சாமி" என்று வேனை மறிக்கிறான். வேன் சடாரென்று பிரேக் போடுகிறது. பின்னால் தேங்காய் ஏற்றி வந்த லாரி. எதிரே டியூட்டி முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகிற ஒரு வாட்ச்மேன். பந்தலுக்குப் பின்னால், காய்கறியும் அரிசி மூட்டையும் ஏற்றிவந்த குட்டியானை வண்டி ஒன்று நிற்கிறது. திரும்பிப் போகும்போது அதன் பின்தட்டில், காலி அண்டாக்களுக்கு நடுவே பையன்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுகிறவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

அந்த வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்? சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டமும் இவர்களுக்கு உதவாது, ஏனென்றால் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் அல்ல. மரணம் நேர்ந்தால் ஓட்டியவன் மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்கு. ஐந்து ஆண்டுவரை சிறை. நஷ்ட ஈட்டுக்கு வண்டியைக் கொடுத்த நண்பர் வீட்டை விற்க வேண்டியிருக்கும். ஃப்ளெக்ஸ் பேனரில் போட்டோவோடு இருக்கிற கௌரவத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் மாலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "டிரஸ்டுக்குப் பொறுப்பில்லை" என்ற வாதம் காப்பாற்றுவது இவர்களைத்தான்.

சட்டம் இப்படி நினைக்கவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 222, 223-ஆம் பிரிவுகளின்படி, முகவர் முறையாகவும் நல்லெண்ணத்தோடும் செய்த காரியத்தால் அவர் தலையில் வந்து விழும் இழப்பை, அவரை அனுப்பியவர் ஈடுகட்ட வேண்டும். குற்றச் செயலுக்கு மட்டும் அது பொருந்தாது. ஆக, அமைப்பு பொறுப்பேற்பது தொண்டருக்கு எதிரானது அல்ல. தொண்டருக்குச் சட்டம் கொடுத்த கேடயமே அதுதான்.

குழந்தைகள் இருக்கிற இடத்தில் இந்தப் பேச்சு இன்னும் ஆபத்தாகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 2024 ஆகஸ்ட்டில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒன்று நடந்தது. என்.சி.சி. அமைப்போ தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றது. பயிற்சி கொடுக்க வந்தேன் என்று உள்ளே நுழைந்தவர் ஒரு மாணவியிடம் பாலியல் வன்முறை செய்ததாக வழக்குப் பதிவாயிற்று. தகவல் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். வந்தவர் யார், எங்கே வேலை செய்தார், அடையாள அட்டை உண்மையானதா என்று ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் அந்தப் பிள்ளை தப்பியிருக்கும். தன் கட்டுப்பாட்டில் உள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டுவரை சிறை என்று போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கேயும் சம்பளப் பேச்சு கிடையாது. "சேவை செய்ய வந்தவரைச் சந்தேகப்படலாமா" என்று டியூஷன் மையம் நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள். விசாரிக்கத்தான் வேண்டும். பிள்ளையை அனுப்பிவைத்த தாய் அந்த வாலன்டியரை நம்பி அனுப்பவில்லை, மையத்தின் பெயரை நம்பி அனுப்பினார்.

தொண்டர் செய்கிற எல்லாவற்றுக்கும் அமைப்பு தலையைக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டமும் சொல்லவில்லை. பிரிட்டனில் 2023-இல் யெகோவா சாட்சிகள் சபை ஒன்றின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சம்பளம் வாங்காத சபை மூப்பருக்கும் சபைக்கும் உள்ள உறவு வேலைக்காரருக்கும் முதலாளிக்கும் உள்ளதைப் போன்றதுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் செய்த குற்றம் மூப்பர் என்ற பொறுப்பில் செய்தது அல்ல என்று சொல்லிச் சபையை விடுவித்தது. கோடு அங்கேதான் விழ வேண்டும். பந்தல் வேலை முடிந்தபின் பையன் தன் சொந்த வேலையாகக் குற்றாலம் போகிற வழியில் இடித்தால் டிரஸ்டுக்கு என்ன வந்தது? டிரஸ்ட் அனுப்பிய வேலையில், டிரஸ்ட் சொன்ன இடத்தில் நடந்தால் அது டிரஸ்டின் செயல். அமெரிக்கா 1997-இல் தொண்டர்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டுவந்ததை இங்கே சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை முழுவதும் படித்துவிட்டுப் பேச வேண்டும். அது தனிப்பட்ட தொண்டருக்குத்தான் பாதுகாப்பு தருகிறது. அமைப்பின் பொறுப்பை அப்படியே விட்டுவைக்கிறது. வண்டி ஓட்டிச் செய்த விபத்துக்குத் தொண்டருக்கும் விலக்கு இல்லை. அப்படியொரு சட்டம் இங்கே வருமானால் நான் இரு கை நீட்டி வரவேற்பேன்.

சிறிய அமைப்புகளால் தாங்க முடியுமா என்பது மிஞ்சியிருக்கும் கேள்வி. தொண்டருக்குத் தனிப்பட்ட விபத்துக் காப்பீடு பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய். மரணத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். முப்பது தொண்டருக்கு 600 ரூபாய், ஒரு நல்ல மைக் செட் வாடகைகூட வராது. மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்குப் பொதுப் பொறுப்பு பாலிசியை அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களே தருகின்றன. டிரஸ்ட் என்பது கம்பெனியைப் போலத் தனி ஆள் அல்ல, வழக்கு டிரஸ்டிகளின் பெயரில்தான் வரும் என்பதால், இந்த பாலிசி முதலில் அவர்கள் வீட்டைக் காக்கும்.

மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும், கேள்வி கேட்க அறநிலைய ஆணையரும் உண்டு. இங்கே இந்துக் கோயில்களுக்கும் அவற்றைச் சார்ந்த கட்டளைகளுக்கும் அறநிலையத் துறை இருக்கிறது. மற்ற டிரஸ்டுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் பதிந்துவிட்டு வந்தால், அதன்பின் தொண்டர் பட்டியல் வைத்திருக்கிறார்களா, காப்பீடு உண்டா என்று கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டிய முதல் ஆள் மாவட்ட நிர்வாகம். ஒலிபெருக்கிக்கும் சாலையோரப் பந்தலுக்கும் அனுமதி கேட்டுப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுகிறார்கள் அல்லவா? அந்த மனுவிலேயே மூன்று விவரம் கேட்டால் போதும்: பொறுப்பாளர் யார், வண்டி ஓட்டுபவர்களின் லைசென்ஸ் நகல், காப்பீட்டு எண். அதோடு ரோட்டில் இறங்கி வண்டியை மறிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. இந்தக் கார்த்திகைக்கு முன்பே தென்காசி மாவட்டத்தில் இதைச் செய்துவிடலாம், புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.